மேரிசெலினும் முதலாம் டிவிஷனும்

கிறிஸ்துநாயகம் என்ற முழுப் பெயரை டென்மார்க்கின் யூலண்ட் பக்கத்து அந்த ஊரில் ஒருவராலும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. முயன்றவர்கள் பாதியில் நின்று, சிரித்து, 'கிறிஸ்' என்று முடித்துக்கொண்டார்கள். இலங்கையில், மன்னார் முருங்கனில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர் அவர். அங்கே கிழவர்கள்கூட 'மனேச்சர் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே பத்து வயதுப் பிள்ளையும் 'நீ' என்றது. டேனிஷ் மொழியில் எல்லோருக்கும் 'நீ' தான் என்று தெரிந்த பிறகும், முதல் ஆறு மாதம் அந்த 'நீ' காதில் சுருக்கென்றுதான் விழுந்தது. பிறகு பழகிவிட்டது. மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான்!

பிராண்டே நகரத்திலிருந்து சற்றுத் தள்ளிய அந்தச் சிற்றூரில் ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு பெரிய உள்ளரங்கம். இவற்றில் பக்தி கூடிய இடம் உள்ளரங்கம்தான். காலால் உதைக்கும் பந்தாட்டத்தைக் கையால் ஆடினால் எப்படியிருக்கும், அதுதான் ஹான்ட்போல். கூரைக்குக் கீழே, பலகைத் தரையில், பக்கத்துக்கு ஏழு பேர். ஊர்ப் பெண்களின் அணி எப்படியோ முண்டியடித்து நாட்டின் முதலாம் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. ஓரிருவருக்குச் சம்பளமும் உண்டு. மற்றவர்கள் பகலில் பாங்கிலும் பாடசாலையிலும் வேலை செய்துவிட்டு மாலையில் வந்து ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள். கிறிஸ்துநாயகம் அந்த அரங்கத்தின் துப்புரவாளர்.

தூசி, வியர்வை, சிந்திய கோப்பி எல்லாம் அவருக்குத் தூசுதான். அவருடைய ஒரே எதிரி பிசின். பந்து கையில் ஒட்டவேண்டும் என்று வீராங்கனைகள் விரல்களில் ஒரு பிசினைப் பூசிக்கொள்வார்கள். அது பந்துக்குப் போய், பந்திலிருந்து தரைக்கு வந்து, கறுத்த புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கரைக்க அரங்கத்து மேலாளர் ஓவே ஒரு திரவம் கொடுத்திருந்தார். அதன் நெடிக்கு மூளையே கலங்கும். காலையில் முழங்காலில் நின்று ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டும்போது, "கர்த்தரே, இதுவும் ஒரு தவம்" என்று கிறிஸ்துநாயகம் முணுமுணுப்பார்.

உண்மையான தவம் வேறு. அவருடைய மனைவி மேரிசெலின் முருங்கனில் இருந்தாள். அவர் அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்; மனைவியைக் கூப்பிட அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. விண்ணப்பமும் போட்டுவிட்டார். அதன் பிறகு ஒரு கோடை போய், ஒரு பனிக்காலம் போய், இன்னொரு கோடையும் போய்விட்டது. விசாரித்தால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று ஒரே பதில். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு விறகை இழுத்துவிட்டால் எந்தக் காலத்தில் வேகும்?

"எங்கட ஆக்களின்ர விண்ணப்பங்களை மட்டும் தொடாமல் வைச்சிருக்கினமாம்," என்றான் பாலேந்திரா. பிராண்டேயில் தொழிற்சாலை வேலை செய்யும் நண்பன். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து கறி சமைத்துவிட்டுப் போவான். "மேலயிருந்து ஆரோ சொல்லித்தான் நிப்பாட்டினதாம் எண்டு கதைக்கினம்."

"இது டென்மார்க், பாலேந்திரா. சைக்கிளுக்கு லைட் இல்லையெண்டாலே பொலிஸ் பிடிக்கிற நாடு. இஞ்சை சட்டத்தை ஆர் மறிக்கிறது?"

"சைக்கிள்காரனைத்தான் பிடிப்பினம் அண்ணை."

1988ஆம் ஆண்டு செப்டெம்பரில் பருவம் தொடங்கியபோது கிறிஸ்துநாயகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்தப் பருவம் முடியும்வரை பார்ப்பது. செலின் வந்தால் சரி. வராவிட்டால் வசந்தத்தில் அவர் திரும்பிப் போவது. அங்கே இந்திய இராணுவம் நிற்கிறது, போனால் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது என்றெல்லாம் பாலேந்திரா தலைப்பாடாக அடித்துக்கொண்டான். "செத்தாலும் ஒரு வீட்டிலை சாவம்," என்று சொல்லிவிட்டார் கிறிஸ்துநாயகம். சாதுவான மனுசர்கள் பிடிவாதம் பிடித்தால் ஆட்டுக்கிடாய் தோற்றுப்போகும்.

பருவத்தின் முதல் ஆட்டம் வந்தது. ஆட்டத்தின்போது கோட்டுக்கு வெளியே துடைப்பத்தோடு நிற்பதும், யாராவது விழுந்து வியர்வை சிந்தினால் ஓடிப்போய்த் துடைப்பதும் அவர் வேலை. அணி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது. அறைக்கு வந்தால் செலினின் கடிதம் கிடந்தது, மூன்று மாதத்துக்குப் பிறகு. அடுத்த நான்கு ஆட்டங்களில் அணி தோற்றது, கடிதம் இல்லை. ஆறாவதில் வென்றது; கடிதம் வந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். தனியறையில் ஒரு கோப்பை, ஒரு தட்டோடு இருப்பவனுக்கு அப்படிச் சொல்ல வராது.

சுவரில் ஒட்டியிருந்த, தன் ஊர்ப்பக்கத்து மடுக் கோயில் மாதாவின் படத்துக்கு முன் அவர் மண்டியிட்டார். "தாயே, இந்தப் பிள்ளையள் முதலாம் டிவிஷனிலை நிண்டு பிடிச்சால் நீ செலினைக் கொண்டுவந்து சேர்த்துவிடவேணும்." மாதாவோடு பந்தயம் கட்டுவதா என்று எந்தப் பாதிரியாரும் ஏசியிருப்பார். அதனால் அவர் பாதிரியாரிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு அணிகளில் கடைசி இரண்டும் பருவ முடிவில் கீழே இறங்கவேண்டும். ஊர் அணி எப்போதும் அந்த விளிம்பில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முழுதாக விழாமல் பிடித்து வைத்திருந்தவள் ஹன்னே. கோல்காப்பாளர், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். பகலில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் தாதி. ஆட்டம் முடிந்ததும் தன் பிசின் கையைச் சுவரில் துடைக்காத ஒரே ஆள் அவள்தான். அதற்காகவே கிறிஸ்துநாயகம் அவளுக்காகத் தனியாக ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லிக்கொள்வார்.

தையில் ஒரு ஆட்டம் வந்தது. தங்களைப் போலவே விளிம்பில் தொங்கும் இன்னொரு அணி. வென்றால் மூச்சு விடலாம். முதல்நாள் காலை கிறிஸ்துநாயகம் தரையைப் பார்த்தார். ஹன்னே நிற்கும் கோல் பகுதியெங்கும் கறுத்த புள்ளிகள். நாளைக்கு அவள் நிற்கும் இடம் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்தார். ஓவே கொடுத்த திரவமோ முடிந்துபோயிருந்தது.

அப்போதுதான் செலின் நினைவுக்கு வந்தாள். கலியாணம் முடித்த முதல் வருடம், வவுனியாவிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றைக் கையில் எண்ணெய் பூசாமல் வெட்டிவிட்டார் மனேச்சர் ஐயா. பால் கையில் ஒட்டி, கையிலிருந்து மீசைக்குப் போய், மீசையும் உதடும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. செலின் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு மீசை மயிர் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். ஒட்டுகிற பாலை உலகத்தில் எண்ணெய்தான் எடுக்கும் என்று அன்று அவருக்குப் பாடம்.

டென்மார்க் கடையில் தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டியாகத்தான் கிடைக்கும். இரண்டு கட்டியை உருக்கிக்கொண்டு வந்தார். துணியில் தொட்டுத் தேய்த்தார். பிசின் வழுக்கிக்கொண்டு வந்தது! அவருக்கு உள்ளம் பூரித்துவிட்டது. கோல் பகுதி முழுவதும் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, கையை வைத்துப் பார்த்தார். ஈரமில்லை. முருங்கனில் எண்ணெய் என்றால் எண்ணெயாகவே இருக்கும், துடைத்தால் போய்விடும். யூலண்டின் தை மாதக் குளிரில் அது தரையோடு தரையாக உறைந்து, கண்ணுக்குத் தெரியாத மெழுகாகப் படிந்துகிடக்கும் என்று மனேச்சர் ஐயாவுக்கு யார் சொல்வது?

மறுநாள் அரங்கம் நிறைந்தது. ஆட்டம் சூடேறியது, சப்பாத்துகளின் அடியில் மெழுகும் இளகியது. எதிரணிப் பெண் தனியாகப் பந்தோடு வர, ஹன்னே கோலை விட்டு முன்னே பாய்ந்தாள். ஒரு கால் இந்தப் பக்கம் போனது, ஒரு கால் அந்தப் பக்கம் போனது. அவள் கத்திய சத்தத்தில் அரங்கமே அடங்கிப்போயிற்று.

ஓடிப்போய் முழங்காலில் நின்று தரையைத் தொட்டார் கிறிஸ்துநாயகம். விரலில் வழுவழுவென்று வந்தது. முகர்ந்தார். முருங்கன் வீட்டுக் குசினி மணந்தது. அந்த ஆட்டமும் தோல்வி.

ஹன்னேயைத் தூக்கிக்கொண்டு போனபிறகு ஓவேயிடம் போய்த் தானாகவே சொன்னார். டேனிஷ்காரர் கோபித்தால் சத்தம் கூடாது, குறையும். ஓவே மெதுவாக, மிக மெதுவாக, "எண்ணெய். தரையில். கிறிஸ்..." என்று சொல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு அந்தத் தரையைக் கழுவினார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால்கூட நெஞ்சு இவ்வளவு கனத்திருக்காது. தன் கையாலேயே ஹன்னேயை விழுத்தி, ஹன்னேயோடு அணியை விழுத்தி, அணியோடு செலினையும் விழுத்திவிட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சைவக்காரர் சொல்வார்கள். கத்தோலிக்கருக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது கிழமை ஹன்னே ஊன்றுகோலோடு அரங்கத்துக்கு வந்தாள். கிறிஸ்துநாயகம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அடிவாங்க நிற்கும் பிள்ளைபோல் நின்றார்.

"தேங்காயெண்ணெயாம்," என்றாள் ஹன்னே. "நான் நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் பொரிக்கிற எண்ணெய். ஏன் கிறிஸ்? எனக்கு விளங்கவேண்டும்."

அவருடைய டேனிஷ், தத்துப்பித்து டேனிஷ். பலாப்பழத்துக்கு அதில் சொல் இல்லை. காகிதத்தில் வரைந்து காட்டினார். அது முள்ளம்பன்றி போல் வந்தது. முள்ளம்பன்றியை ஏன் வெட்டினாய் என்று கேட்டாள். கடைசியில் மீசை ஒட்டிய கதையை நடித்தே காட்டினார். ஹன்னே கண்ணில் நீர் வரச் சிரித்தாள், முழங்கால் வலித்து 'ஆ' என்றாள், மறுபடி சிரித்தாள்.

"இதைச் சொல்லித் தந்தது உன் மனைவியா? அவள் எங்கே?"

அந்த ஊரில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னார். உரிமை இருக்கிறது, பதில் இல்லை என்றார். ஹன்னே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஆனால் அது சட்டம்தானே," என்றாள்.

"ஓம். சட்டம்தான்."

அவளுக்கு முகம் சிவந்தது. தன் வீட்டில் விருந்தாளிக்கு யாரோ மரியாதையீனம் செய்துவிட்டதைப் போல் அவள் வெட்கப்பட்டதை அவர் கண்டார். அந்த ஒரு முகத்துக்காக டென்மார்க்கில் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று மனம் சொல்லிற்று. பந்தயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. விழுத்திவிட்டவளிடம் போய், 'நீ வெல்லவேண்டும், என் மனைவி வர' என்று எந்த வாயால் சொல்வது?

அந்த மாசியிலும் பங்குனியிலும் தமிழ் அகதிகளின் குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிதாக வரத் தொடங்கியது. விண்ணப்பங்களை முடக்கி வைத்தது முறைகேடு என்று வெளிப்படையாகவே பேசினார்கள். "நான் சொன்னனான், நீங்கள் கேட்டியளே?" என்று பாலேந்திரா துள்ளினான். முடிச்சு அவிழப்போகிறது என்று ஊரெல்லாம் கதை. கிறிஸ்துநாயகம் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய கணக்கு பத்திரிகையில் இல்லை. புள்ளி அட்டவணையில் இருந்தது.

பங்குனிக் கடைசியில் இறுதி ஆட்டம், சொந்த அரங்கத்தில். சமன் செய்தால் போதும், டிவிஷனில் தங்கலாம். டொக்டர் வேண்டாமென்று சொல்லியும் ஹன்னே முழங்காலைக் கட்டிக்கொண்டு வந்து கோலில் நின்றாள். அன்று அவள் தடுத்தவற்றை அந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துநாயகம் துடைப்பத்தைச் செபமாலைபோல் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி நிமிடம் சமனாக இருந்தது. பிறகு எதிரணிக்கு ஒரு தண்ட எறிதல். ஏழு மீற்றர் தூரத்தில் எறிபவள், எதிரே ஹன்னே. பந்து போனது, ஹன்னே வலப்பக்கம் பாய்ந்தாள், பந்து இடப்பக்கத்தால் உள்ளே போயிற்று.

எல்லோரும் போனபிறகும் ஹன்னே கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் வாளியோடு வந்து, சுரண்டவும் மனமில்லாமல், பக்கத்தில் இருந்தார்.

"முழங்கால் இல்லை, கிறிஸ்," என்றாள், அவர் கேட்காமலே. "பிழையான பக்கம் போனேன். அவ்வளவுதான். உன் எண்ணெயில்லை."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அணிக்காக அழுகிறார் என்று அவள் நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் மாதாவைப் பார்க்காமல் படுத்துவிட்டார். பிறகு பயணப்பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்தார். அது அங்கேயே வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, இரண்டு கிழமை கழித்து அனுமதி வந்தது. மேரிசெலின் வரலாம்.

பாலேந்திரா கத்திய கத்தில் மேல்மாடிக்காரர் இறங்கி வந்தார். கிறிஸ்துநாயகம் மட்டும் நம்பவில்லை. பந்தயம் தோற்றாயிற்றே, பிறகு எப்படிப் பரிசு வரும்? இதில் எங்கோ ஒரு பொறி இருக்கிறது, கடைசி நேரத்தில் மறித்துவிடுவார்கள் என்று பயந்தார். ஓவேயும் அணிப் பெண்களும் கட்டியணைத்து வாழ்த்தியபோதும், எதற்கும் ஆள் வந்து சேரட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் ஹன்னேதான் தன் காரில் அவரைக் கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து எழுந்து இருந்தார். கடைசியில் ஒரு பச்சைச் சேலையும், அதன் மேல் யாரோ இரவல் கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டும், கையில் ஒரு துணிப்பையுமாக செலின் வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். இருவரும் ஒருவர் முன் ஒருவர் நின்றார்கள். ஊர்ப் பழக்கத்தில் தொடவில்லை. "அட, அவளைக் கட்டிப்பிடியேன்!" என்று ஹன்னே பின்னால் நின்று அதட்டியபிறகுதான் அவருக்குக் கை எழுந்தது.

அதன்பிறகு செலினின் நடத்தை விசித்திரமாக இருந்தது. காருக்குப் போகும்போது பின்னால் நின்றுகொண்டு, "இஞ்சேருங்கோ, கொஞ்சம் நடந்து போங்கோ பாப்பம்," என்றாள். புதுச் சப்பாத்தைப் பார்க்கிறாள் என்று அவர் கொஞ்சம் மிடுக்காகவே நடந்தார். காரில் அவர் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். "இந்தக் கண் நல்லாத் தெரியுதோ?" என்று கேட்டாள். ஆசையில் கேட்கிறாள் என்றுதான் அவரும் நினைத்தார்.

கோப்பன்ஹேகனுக்கும் யூலண்டுக்கும் இடையில் கடல். கார் கப்பலில் ஏறியது. மேல்தட்டில் வெயில் அடித்தது. கோப்பி வாங்கிக்கொண்டு மூவரும் ஒரு மேசையில் இருந்தார்கள். செலின் கோப்பியைத் தொடவில்லை.

"எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள். "உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சுது?"

"என்ன குறையிறது? ஒண்டுமில்லையே."

"ஒளிக்காதேங்கோ. தவக்காலத்திலை நான் மடுவுக்கு நடந்து போனனான். போகேக்கை விசர் பிடிச்ச மாதிரி இருந்தது எனக்கு. மாதாவிட்டை வாய்விட்டுக் கத்திப்போட்டன். 'அந்த மனுசனுக்கு அங்கை எது பெரிசோ அதை நீ எடு, என்னை அவரோட சேர்த்துவிடு' எண்டு." அவள் கோப்பியைத் தள்ளி வைத்தாள். "திரும்பி வாற வழியிலைதான் பயம் பிடிச்சது. கையை எடுத்திட்டாவோ, காலை எடுத்திட்டாவோ, வேலையை எடுத்திட்டாவோ எண்டு நான் ஒரு நாளும் நித்திரை கொள்ளேல்லை. எதை எடுத்தவ? சொல்லுங்கோ."

கிறிஸ்துநாயகம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். பங்குனி மாதம். கடைசி நிமிடம். பிழையான பக்கம் பாய்ந்த ஹன்னே.

"எங்கட ஹான்ட்போல் ரீமை," என்றார். "செலின், நீ எங்கட ரீமையே தோக்கடிச்சுப்போட்டாய்."

பிறகு தன் பந்தயத்தையும் தேங்காயெண்ணெய் வழுக்கிய கதையையும் சொன்னார். அணி நிற்கவேண்டும் என்று இவர் இங்கிருந்து மன்றாட, எடு என்று அவள் அங்கிருந்து கொடுத்துவிட்ட கதை. "எண்ணெயும் உன்ர எண்ணெய், நேர்த்தியும் உன்ர நேர்த்தி. பாவம், மாதா ஆற்றை சொல்லைக் கேக்கிறது?" சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. செலின் அவருடைய பத்து விரலையும் சேர்த்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். இத்தனை காலம் சுமந்த பயம் அவள் தோளைவிட்டு இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

இருவரும் அழுவதைப் பார்த்துப் பதறிய ஹன்னே, என்ன நடந்தது என்று கேட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? தன் பந்தயத்தையும் செலினின் நேர்த்தியையும் தன் தத்துப்பித்து டேனிஷில் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோதுதான், முதலாம் டிவிஷனுக்காக முழங்காலைக் கொடுத்தவளிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

ஹன்னே கோப்பையைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. இரவல் கோட்டுக்குள் ஒடுங்கியிருந்த செலினைப் பார்த்தாள்.

"அவளிடம் சொல், கிறிஸ்," என்றாள். "முதலே எங்களிடம் கேட்டிருந்தால், நத்தாருக்கு முன்னமே தோற்றுத் தந்திருப்போமே."

"என்னவாம்?" என்று பயத்தோடு கேட்டாள் செலின்.

அவர் சொல்லத் தொடங்கினார். பாதியில் நின்று கண்ணைத் துடைத்தார். மறுபடி தொடங்கினார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் கரைக்கு வந்துவிட்டது.